பயாப்சியில் ‘குடல் ஸ்பைரோகீட்’ என்று வந்திருக்கிறது. பண்ணைக் கோழியிடமிருந்து தொற்றியதா?

நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் உங்கள் அப்பாவின் அறிக்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: இது புற்றுநோய் அல்ல, சிபிலிஸும் அல்ல. சிபிலிஸ், எலிக்காய்ச்சல் கிருமிகளைப் போல இதுவும் ‘ஸ்பைரோகீட்’ எனப்படும் சுருள் வடிவ பாக்டீரியாதான், ஆனால் வேறு பேரினம், பெயர் பிராக்கிஸ்பைரா. அவர்மேல் வீண் சந்தேகம் வேண்டாம்.

மனிதரிடம் முக்கியமாக இரண்டு வகை. ஆல்போர்கி, 1982-இல் டென்மார்க்கில் விவரிக்கப்பட்டது. மற்றது பைலோசிகோலி, பன்றி, நாய், கோழி, மனிதர் எல்லோரிடமும் வாழும். முட்டைக்கோழிக்கு வந்தால் எச்சம் தண்ணீராகப் போகும், முட்டை குறையும். உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனால் எந்த வகை என்பதை சாதாரண பயாப்சி சொல்லாது, கிருமியின் மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் சோதனை தேவை. கோழியைக் குற்றம் சொல்ல இப்போது ஆதாரம் போதாது.

இவை பெருங்குடல் சுவரில் ஒரு முனையை ஊன்றி, காலிங்கராயன் பாசன வயல் நாற்று மாதிரி நெருக்கமாக நிற்கும். பலருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. சிலருக்கு நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, அபூர்வமாக ரத்தம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

தொல்லை இல்லையென்றால் பெரும்பாலும் மருந்தே தரமாட்டார்கள். இருந்தால் வழக்கமாக மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக். அதை மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்குக்கு வேறு காரணமும் இருக்கலாம், குடல் மருத்துவர் பார்க்கட்டும். மலம் வழியாக வாய்க்குப் போகும் தொற்று இது. பண்ணை வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், குடிநீரைக் காய்ச்சிக் கொடுங்கள்.