பனியா, கம்பளியா? ஓயாத தும்மலுக்குப் பதில்கள்

தும்மல், மூக்கடைப்பு பற்றி இலங்கை மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும், சுவாச நோய்ப் பிரிவில் வேலை செய்யும் தாதி ஒருவரின் பதில்களும்.

மிஸ், மகனுக்கு வருஷம் முழுக்க தடிமன். காலையில எழும்பினதும் பத்துப் பதினைஞ்சு தும்மல், வெயில் ஏறினா சரியாயிடுது. பனி ஒத்துக்கலன்னு மாமி சொல்றாங்க. (ஹட்டன்)

தடிமன் பத்து நாளில் ஓய்ந்துவிடும். காய்ச்சல் இல்லாமல், தண்ணீர் போல மூக்கு ஒழுகி, மூக்கும் கண்ணும் அரித்து, அடுக்கடுக்காகத் தும்மல் வந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. மகன் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கிறானா என்றும் கவனியுங்கள், அதுவும் ஒவ்வாமையின் அடையாளம்தான். குளிர்காற்றும் தும்ம வைக்கும்தான். ஆனால் விடிந்ததும் ஆரம்பித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ராத்திரி முழுக்க முகத்தோடு கிடந்த தலையணையையும் கம்பளியையும். நம் உடம்பில் உதிரும் தோலைத் தின்று வாழும் தூசுப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. அதன் எச்சம்தான் மூக்கைக் கிளறுகிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. உயரமும் காய்ந்த காற்றும் உள்ள சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஊரில் அதற்குப் பிழைப்பு கஷ்டம். நம் மலையில் உயரம் இருக்கிறது, காய்ந்த காற்றுதான் இல்லை: துணி காயவே மூன்று நாள்!

அப்போ கம்பளிய என்ன செய்றது? வெந்நீர்ல போட்டா சுருங்கிடுமே. லயத்து வீட்டுச் சுவரும் கறுத்துக் கிடக்கு. (மஸ்கெலியா)

கம்பளியை வெந்நீரில் போட வேண்டாம். பழைய பருத்தி பெட்ஷீட் இரண்டைச் சேர்த்து உறை தைத்து அதற்குள் போடுங்கள். உறை, தலையணை உறை, பெட்ஷீட் மூன்றையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை சூட்டில் ஊறவைக்க வேண்டும். மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்த்தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். கையை விடாமல் தடியால் அமுக்குங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. பச்சைத்தண்ணீரில் துவைத்தால் எச்சம் போகும், பூச்சி சாகாது. வெயில் அடிக்கும் நாளில் கம்பளியை இரண்டு பக்கமும் காயவைத்து, வெளியிலேயே தட்டி, மூடுபனி இறங்குமுன் உள்ளே எடுங்கள்.

சுவரிலிருப்பது பூஞ்சணம். மேலே சுண்ணாம்பு பூசினால் இரண்டு மாதத்தில் திரும்ப எட்டிப் பார்க்கும். ஒழுகும் கூரையையோ உடைந்த கூரைப் பீலியையோ முதலில் சரிசெய்யுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈரத்துணியைப் படுக்கும் காம்பராவில் கொடி கட்டிக் காயவைப்பதை நிறுத்தினாலே ஈரம் நன்றாகக் குறையும்.

பைன் மரத்து மஞ்சள் தூள் ஜன்னல் எல்லாம் படியுது. அதுதானா காரணம்? (பண்டாரவளை)

அநேகமாக இல்லை. பைன் மகரந்தம் பெரியது, ஒவ்வாமை தருவது அரிது. நுவரெலியா ஏப்ரல் சீசன் பூக்களும் அப்படித்தான். பூச்சிகள் சுமக்கும் மகரந்தம் காற்றில் அதிகம் பறக்காது. வெளியே சந்தேகப்பட வேண்டுமென்றால் புல்லைச் சந்தேகப்படுங்கள்.

மூக்கடைப்புக்கு பாமசியில வாங்கின சொட்டு மருந்து மூணு மாசமா போடுறேன். விட்டா ராத்திரி மூச்சே விட முடியல. (தலவாக்கலை)

சைலோமெட்டசோலின், ஒக்சிமெட்டசோலின் வகைச் சொட்டை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். உங்களுக்கு நடப்பது அதுவாகத்தான் இருக்கும். டொக்டரைக் கண்டு ஸ்டீரொய்ட் மூக்கு ஸ்பிரேக்கு மாறுங்கள். அது அன்றே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய இரண்டு கிழமை ஆகலாம். நான்காம் நாளே “சரிவரல” என்று வீசிவிடுகிறவர்கள்தான் அதிகம். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், முனையைக் காதுப்பக்கம் திருப்பி அடியுங்கள். நடுத்தண்டில் அடித்தால் இரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

ஸ்டோர்ல தேயிலை சலிக்கிற பகுதியில வேலை. தும்மலுக்கு பிரிட்டோன் குளிசை போட்டுட்டுத்தான் போறேன். (கொட்டகலை)

பிரிட்டோன் தூக்கம் வரவைக்கும், மெஷின் பக்கத்தில் ஆபத்து. அவ்வளவாகத் தூக்கம் வராத ஒவ்வாமைக் குளிசையான லோரட்டடீன் 10 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். எந்த நாளில் எவ்வளவு தும்மல் என்று இரண்டு கிழமை குறித்து வையுங்கள்: லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடினால் தேயிலைத் தூசே காரணமாக இருக்கலாம். அந்தக் குறிப்போடு டொக்டரிடம் போங்கள். நெஞ்சில் விசில் சத்தமோ ராத்திரி இருமலோ சேர்ந்தால் அது மூக்கோடு நிற்கவில்லை, ஆஸ்துமாவாக இருக்கலாம். ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.