இயேசு யூதரா, பாலஸ்தீனரா?

இயேசு யூதர். எட்டாம் நாள் விருத்தசேதனம், பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் பயணம் என்று நற்செய்திகள் காட்டுவது முழுக்க யூத வாழ்க்கையைத்தான். வரலாற்றாளர்களிடையே இதில் சண்டையே இல்லை.

அப்புறம் ஏன் தகராறு? அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் பெத்லகேம் இன்று பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரையில் இருக்கிறது. 'பாலஸ்தீனர்' என்பது இக்காலத் தேசிய அடையாளம். அவரை அப்படி அழைப்பவர்களும் சரி, மறுப்பவர்களும் சரி, உண்மையில் பேசுவது மண்ணுரிமையைப் பற்றி. 2024 டிசம்பரில் வத்திக்கானில் வைத்த ஒரு கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவைப் பாலஸ்தீனரின் கட்டம் போட்ட கெஃபியே துணிமேல் கிடத்தியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது; சில நாட்களில் துணியும் இல்லை, குழந்தையும் இல்லை!

தாத்தா காலத்துக் கடிதத்தில் இன்றைய பின்கோடைத் தேடுவது மாதிரிதான் இது. ஊர் அதேதான், முகவரி முறை வேறு.

'பாலஸ்தீனம்' என்ற பெயரே கி.பி. 135 வாக்கில் ரோமர்கள் உருவாக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். எருசலேமும் பெத்லகேமும் இருந்த யூதேயா மாகாணத்துக்கு அவர்கள் அதைச் சூட்டியது அப்போதுதான், ஆனால் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாளர் ஹெரடோட்டஸ் அப்பெயரை எழுதியிருக்கிறார்.