மகளை கோல் சென்டர் வேலைக்கு அனுப்பலாமா?

அக்கா, ஏஎல் முடித்த மகளுக்கு கொழும்பில் ஒரு கோல் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது, லண்டன்காரரோடு கதைக்க வேண்டுமாம், களுவாஞ்சிகுடியில் படித்த பிள்ளை அந்த இங்கிலிசுக்கு ஈடுகொடுப்பாளா என்று கேட்டிருந்தீர்கள். கொடுப்பாள். அதைவிட, அங்கே என்ன பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

வெள்ளைக்காரி மாதிரிக் கதைக்கச் சொல்வார்களோ என்று பயப்படாதீர்கள். நிதானமாக, தெளிவாகக் கதைத்தால் போதும். பெயர், முகவரியை A என்றால் ஆல்பா, B என்றால் பிராவோ என்று எழுத்துக்கூட்டி உறுதிப்படுத்துவதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பிள்ளைகள் தடுமாறுவது பழக்கவழக்கத்தில்.

ஒரு கோலை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு வயதானவர், காசு கட்டிய கேத்தல் இன்னும் வரவில்லை என்கிறார். மகள் கணினியில் தேடுகிறாள். பெரியவர் முன்னால் வாய்மூடி வேலை பார்ப்பது நமக்கு மரியாதை. அவருக்கோ, அந்த அரை நிமிட அமைதியில் லைன் அறுந்துவிட்டதோ, தன்னைக் கவனிக்கவில்லையோ என்று தோன்றும். "உங்கள் ஓடரைத் திறக்கிறேன், இப்போது திகதியைப் பார்க்கிறேன்" என்று செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அவர் குரலை உயர்த்தாமல், கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால், ஆள் நல்ல கோபத்தில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். நம்மட சந்தையில் கத்துகிறவர் கொஞ்ச நேரத்தில் சிரித்துவிடுவார். இவர் அப்படியே போய் முறைப்பாடு எழுதுவார்.

அப்புறம், விளங்காவிட்டாலும் 'ஓம் ஓம்' என்கிற நம் பழக்கம். நாளைக்கு வருமா என்று அவர் கேட்க, மகள் மரியாதைக்கு 'யெஸ்' என்றால் அது வாக்குறுதி. கோல் பதிவாகியும் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மேற்பார்வையாளரிடம் கொடுக்கப் பழக வேண்டும். கேள்வி கேட்டால் வாத்தியார் ஏசுவார் என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது லேசில்லை.

ஆகவே நிறுவனத்திடம் கேளுங்கள்: பயிற்சி எத்தனை கிழமை, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, பழைய கோல்களைப் போட்டுக் காட்டுவார்களா, முதல் கோல்களை எடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பாரா? ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு மறுநாளே ஹெட்செட்டை மாட்டுகிற இடமென்றால் வேண்டாம். பயிற்சிக்கு முற்பணம் கேட்டால் பேச்சே வேண்டாம். நியமனக் கடிதத்தில் ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி (அவர்கள் 12%, மகள் 8%), ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி (அவர்கள் 3%) இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த நாட்டு வாடிக்கையாளர் என்பதும் முக்கியம். லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்கு பிற்பகல் 1.30, அங்கே குளிர்காலத்தில் 2.30, வேலை இரவு பத்து மணியளவில் முடியும். நியூயோர்க் என்றால் மாலை 6.30க்குத்தான் (அங்கே குளிர்காலத்தில் 7.30) தொடங்கும், விடியப்புறம் வரை போகும். வீடுவரை வாகனம் விடுவார்களா, போர்டிங் எவ்வளவு தூரம் என்பதை அதை வைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. இதே வேலை தாய்லாந்தில், பெரிய சம்பளத்தில் என்று யாராவது வந்தால் கிட்டவும் சேர்க்காதீர்கள். அப்படிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள்.

போவதற்கு முன் மகளை ஒரு அறையிலும் தம்பியை இன்னொரு அறையிலும் இருத்தி, போனில் இங்கிலிசில் சண்டை பிடிக்க விடுங்கள். தம்பி கோபக்கார வாடிக்கையாளர். முகம் பார்க்காமல் சமாளிக்க அவளுக்கு வருகிறதா என்று ஒரு கிழமையில் உங்களுக்கே தெரிந்துவிடும்.