கையெழுத்து வைக்க முதல் வாட் டிக்கற்றைப் பாருங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "கிளிநொச்சியில் அரிசி ஆலையில் நாட்கூலிக்கு நின்ற என் கணவரின் வலது கையில் 3 விரல்கள் மெசினில் போய்விட்டன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருக்கிறார். முதலாளி 50,000 ரூபா தந்து, சிங்களத்தில் எழுதிய கடதாசியில் கையெழுத்துக் கேட்கிறார். சட்டத்தரணியிடம் இப்பவே போவதா, காயம் ஆறட்டும் என்று இருப்பதா?"

இப்பவே போங்கள், தங்கச்சி. காயம் ஆறும் வரை பார்த்திருந்தால் விசயமும் ஆறிப்போய்விடும்.

வேலையில் நடந்த விபத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1934இலிருந்து இங்கே இருக்கிறது. 2022இல் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக்கினார்கள். அவருக்கு எவ்வளவு என்பது சம்பளத்தையும், கை எந்தளவுக்குப் பழுது என்பதையும் பொறுத்தது. இதில் இரண்டாவதை எழுதித் தருபவர் வைத்தியர்தான்.

நான் பார்த்த ஒருவரை முதலாளியின் ஆளே ஆஸ்பத்திரியில் சேர்த்து, "வீட்டில் விழுந்துவிட்டார்" என்று சொல்லியிருந்தார். நோயாளியின் விபரங்களை வைத்தியர் எழுதும் வாட் டிக்கற்றில் அப்படியே ஏறிவிட்டது. மாதக்கணக்கில் அலைந்தோம். ஆகவே, "ஆலை மெசினில் நடந்தது" என்று பதிந்திருக்கிறதா என இன்றைக்கே வைத்தியரிடம் கேளுங்கள். பொலிசில் முறைப்பாடு போட்டு, சட்ட வைத்திய அதிகாரி (வழக்குக்காகக் காயத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் வைத்தியர்) அவரைப் பார்ப்பதற்கும் ஒழுங்கு செய்யுங்கள்.

அமெரிக்காவின் பொஸ்ரனில் 1993இலேயே சிறுவர் வைத்தியப் பிரிவோடு சட்டத்தரணிகளைச் சேர்த்துவிட்டார்கள். மூச்சிழுப்புக்கு மருந்து கொடுத்து, பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்பி என்ன பயன் என்று யோசித்தார்கள். இங்கே வாட் ஒரு ஊரில், தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் கொழும்பில். கிளினிக்குக்கு வரவே பஸ் காசில்லாத மனுசன் கட்டுப்போட்ட கையோடு எத்தனை வாசல் ஏறுவது?

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். ஆஸ்பத்திரி வாசல் தேத்தண்ணிக் கடையில் நின்று, "நான் எடுத்துத் தாறன், பாதி எனக்கு" என்பார்கள். ஆஸ்பத்திரித் துண்டு, அடையாள அட்டை எல்லாவற்றின் மூலப்பிரதியையும் வாங்கிக்கொண்டு போனால் பிறகு ஆளைக் காண மாட்டீர்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அலுவலகம் உண்டு.

ஒன்று சொல்லியாக வேண்டும், குடி. முதலாளிமார் முதலில் எடுப்பது அதைத்தான். போதைதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்றால் நட்டஈடு மறுக்கப்படலாம். நேரடிக் காரணம் என்பதைக் கவனியுங்கள். முதல்நாள் இரவு குடித்தார் என்பதோ, வழமையில் குடிப்பவர் என்பதோ போதாது. மெசினுக்கு மூடி இல்லாமல் கை போயிருந்தால் காரணம் மெசின். அவர் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை என்றால், அதையும் டிக்கற்றில் எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கடதாசியில் கையெழுத்து வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குவது சட்டத்தில் செல்லாது, ஆனாலும் அதைக் காட்டியே உங்களை இழுத்தடிப்பார்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றாலும் பயப்படாமல், அதன் பிரதியோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.