சந்தையில் இரட்டிப்பு வவுச்சர் என்றால் என்ன? திருகோணமலையில் அதை எப்படி நடத்தலாம்?

வறிய குடும்பம் மரக்கறிக்குப் போடும் ஒவ்வொரு ரூபாவுக்கும் ஒரு நிதியம் இன்னொரு ரூபா சேர்ப்பதே இது. 500 ரூபா கொடுத்தால் 1000 ரூபாவுக்கு வவுச்சர் துண்டுகள்; உள்ளூர் விவசாயியிடம் மட்டுமே செல்லும். அமெரிக்காவின் டெட்ரோயிட்டில் அரச உணவு உதவி பெறுவோருக்காக 2009இல் தொடங்கிய திட்டமும் இந்த முறைதான். கோயில் திருப்பணிக்கு ஊரார் சேர்த்த தொகைக்குச் சமமாக வெளிநாட்டு உறவுகள் காசு போடுவார்களே, அதே கணக்கு.

ஏன் தேவை? மூலைக்கடையில் கொப்பியில் எழுதி அரிசி, பருப்பு வாங்கலாம். சந்தையில் கைக்காசு வேண்டும். காசுத் தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டுப்படுவது கீரையும் வெண்டிக்காயும்தான். பருப்பு நாளைக்கும் இருக்கும், வல்லாரைப் பிடி மத்தியானத்துக்குள் வாடிவிடும்.

இங்கே தொடங்குவதென்றால் துண்டுகளை 50, 100 ரூபாவாக அச்சிடுங்கள். மீதிக்காசு கொடுக்க முடியாததால் 500 ரூபாத் துண்டு கையிலேயே தங்கிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், சந்தை கலையுமுன் விவசாயிக்கு அவர் வாங்கிய துண்டுகளுக்கான காசை எண்ணிக் கொடுப்பது. மூதூரிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ வந்தவருக்குத் திரும்பிப்போகப் பெற்றோல் அடிக்க அந்தக் காசுதான். இரண்டு கிழமை இழுத்தடித்தால் மூன்றாம் கிழமை துண்டை வாங்கமாட்டார்.

விவசாயி பாதி விலைக்கு விற்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவருக்கு முழு விலையும் போய்ச் சேர்கிறது. மற்றப் பாதியை நிதியம் கட்டுகிறது.