திருகோணமலையில் இருக்கிறேன். சோடியம் அல்ஜினேட் (சாற்றை முத்தாக இறுக வைக்கும் தூள்) இல்லாமல் வீட்டில் பழச்சாற்று முத்துகள் செய்ய முடியுமா?

முடியும். நோன்புக் கஞ்சிக் காலத்தில் நாம் காய்ச்சும் அதே கடற்பாசி (அகர் அகர்) போதும். தூளாக 2 கிராம் எடுத்து, 100 மில்லிலீட்டர் தண்ணீரில் இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். அப்புறம்தான் அதே அளவு தோடம்பழச் சாறு. புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் பாசி சரியாக இறுகாது.

உயரமான கிளாஸில் சூரியகாந்தி எண்ணெயை ஊற்றி பிரிட்ஜில் அரை மணிநேரம் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், 24 பாகைக்குக் கீழே அதுவே கட்டியாகிவிடும். சூடான கலவையை ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எண்ணெயோடு கலக்காததால் சொட்டு உருண்டையாகும். கீழே இறங்குவதற்குள் குளிர்ந்து இறுகிவிடும். வடித்துத் தண்ணீரில் அலசுங்கள்.

கடித்தால் சாறு பீறிடாது, உள்ளேயும் கட்டிதான். சாறு பீறிட வேண்டுமென்றால் அல்ஜினேட்டும் கல்சியமும் தேவை. கடற்பாசிக்குப் பதிலாக ஜெலட்டின் போட்டால் நம்மூர் வெயிலில் உருகும். கடற்பாசி உருக 85 பாகையாவது வேண்டும்.