கிருமி செத்த பிறகும்

ஐயாவுக்கு வணக்கம்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். தேயிலைக் கொழுந்து பறித்த என் அம்மா சிறுநீர்த் தொற்று முற்றி, காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கிருமி மருந்துக்குக் கட்டுப்பட்டது, ஆனால் ‘செப்சிஸ்’ வந்துவிட்டது என்றார்கள். ஊசிதான் கொன்றது என்கிறார்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்து ஆட்கள். கிருமி செத்த பிறகு ஆள் எப்படிச் சாவார்? இப்போது தங்கைக்கும் சிறுநீர் போகும்போது எரிச்சல்.

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஊசியைக் குற்றம் சொல்ல இடமில்லை. செப்சிஸ் என்பது தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, அளவு மீறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை. அதன் மேலுறையில் உள்ள நச்சு, கிருமி செத்தாலும் இரத்தத்தில் இருக்கும். அது நம் உயிரணுவுக்குள் நுழைந்தால் காஸ்பேஸ்-4 என்னும் நொதி விழித்துக்கொண்டு, காஸ்டெர்மின் டி என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகள் ஒன்றுகூடி அணுவின் சவ்வில் துளை போடுகின்றன. நீர் புகுந்து அணு வீங்கி வெடிக்கிறது. இதற்குப் பைரோப்டோசிஸ் என்று பெயர். வழக்கமாக அணு சுருங்கி, சத்தமில்லாமல் சாகும். அக்கம்பக்கத்து அணுக்கள் அதை விழுங்கிவிடும். இங்கோ உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டி, அழற்சி மூளுகிறது.

இது நம்மைக் காக்க வந்த ஏற்பாடுதான். ஒளிந்திருக்கும் கிருமிக்கு ஒளிய இடமில்லாமல் செய்கிறது. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் ஆபத்து: இரத்தக் குழாய்கள் கசியும், பிரஷர் விழும், நுண்குழாய்களில் இரத்தம் உறையும், சிறுநீரகம் நின்றுபோகும். காஸ்டெர்மின் டி இல்லாத எலிகள், கொல்லக்கூடிய அளவு நச்சு ஏற்றியும் பிழைத்தன என்று 2015இல் காட்டினார்கள். ஆனால் செப்சிஸுக்கென்று அதைத் தடுக்கும் மருந்து இன்னும் எந்த வார்டுக்கும் வரவில்லை. ஆகவே கிருமி பெருகுமுன் மருந்து ஏறுவதுதான் இன்றைக்கு உள்ள வழி.

உங்கள் கோபம் போக வேண்டிய இடம் வேறு. கொழுந்து பறிக்கும் மலையில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. பறித்த கொழுந்தை நிறை போடும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதால் பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். காஸ்டெர்மினைப் பற்றிப் பேசுமுன் தோட்ட நிர்வாகத்திடம் இதைக் கேட்க வேண்டும். சங்கத்தில் கேளுங்கள், நானும் எழுதுகிறேன்.

தங்கையை நாளைக்கே கூட்டிப்போய்ச் சிறுநீர் பரிசோதனை செய்யுங்கள். மருந்து தந்தால் எரிச்சல் நின்றாலும் சொன்ன நாள்வரை குடிக்க வேண்டும். நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க வலி, மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.